சில்லறை முகம்

பதினொரு வீட்டுக்கும் ஒரே நுழைவுக்கூடம்.
இந்த வருஷம் கணக்கு நோட்டு என் தலையில்.

கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டோம்.
ஐந்தாம் மாடிப் பல் மருத்துவர் கியாவஷ்
வெள்ளைச் சுவர் கேட்டார்,
ஒளிந்திருந்து எரியும் விளக்குக் கேட்டார்,
துபாயில் ஒரு ஹோட்டலில் பார்த்தாராம்.
பல் பிடுங்குகிற அறை மாதிரி இருக்கும் என்றாள் மஹ்லகா.
அவளுக்கு நீல ஓடு வேண்டும், வளைவு வேண்டும்,
முடிந்தால் நடுவில் ஒரு நீர்த்தொட்டி.
தொட்டி என்றதும்
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

தண்ணீர் எங்கள் கட்டடத்தில் கெட்ட வார்த்தை.
மூன்றாம் மாடி அக்தர் ஹானுமின் குளியலறை கசிந்து
இரண்டாம் மாடி மொஹ்தஷமியின் கூரையில்
காஸ்பியன் கடல் வரைபடமாய்ப் படிந்து
ஏழு வருஷம்.
அன்றிலிருந்து இருவரும்
முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
லிஃப்டில் ஒருவர் இருந்தால்
மற்றவருக்குப் படிக்கட்டு.

வடிவமைப்பாளர் ஹெங்கமே வந்தாள்.
அளவு நாடாவைப் பையிலேயே விட்டுவிட்டு
மூன்று நாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.
அதற்கும் சேர்த்துத்தான் பில்.

பிறகு சொன்னாள்:
தரை, மெருகேற்றிய சாம்பல் சிமெண்ட்.
லிஃப்ட் கதவு, வெறும் எஃகு.
இடுப்பளவுக்கு நீல ஓடு.
வாசல் திறந்ததும் உள்ளே எல்லாம் தெரிய வேண்டாம்;
பழைய வீடுகள்போல ஓர் எட்டு மூலைக் கூடம்
வருகிற ஆளை ஒருமுறை திருப்பி விடட்டும்.
அங்கே ஓட்டுக்கு மேலே
சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

கதவில் தட்டுவதற்கு இரண்டு இரும்பு,
ஆணுக்குக் கனத்த கட்டை, பெண்ணுக்கு மெல்லிய வளையம்,
அதை மட்டும் வாக்கெடுத்துத் தோற்கடித்தோம்.
இன்டர்காம் போதும்.
ஆறாம் மாடிச் சிறுமி இரண்டு கையும் தூக்கினாள்.
அவளுக்கு ஓட்டே கிடையாது.

மரத்தடுப்பின் நட்சத்திரங்களை
கரஜ் பட்டறையில் ஒரு லேசர்
அரை நாளில் வெட்டிக் கொடுத்தது.
கண்ணாடி பதித்த பையனுக்குக் காதில் ஹெட்ஃபோன்;
தலையாட்டியபடியே
நகத்தளவு முக்கோணங்களைச் சாந்தில் அழுத்தினான்.
எந்தச் சில்லும் பக்கத்துச் சில்லோடு
ஒரே சாய்வில் இல்லை.
தப்பா என்று கேட்டேன்.
அவன் காதில் விழவில்லை.

எல்புர்ஸ் வெளுத்துக் கிடந்த ஒரு காலை, மணி ஏழு.
தடுப்புக்குப் பின்னால் நான்
மின் மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தேன்.
மொஹ்தஷமி சங்கக் ரொட்டியோடு உள்ளே வருகிறார்.
அக்தர் ஹானும் லிஃப்டுக்கு நிற்கிறார்.
இருவரும் வழக்கப்படி
சுவரைப் பார்க்கிறார்கள்.

சுவர் முன்போல் சும்மா இல்லை.
அதில் அவர் புருவம், இவர் தோடு,
ஒரு கோட்டுப் பொத்தான், ரொட்டியின் கருகிய ஓரம்,
மறுபடி புருவம், நாற்பது இடத்தில்.
முழு முகம் என்றால் திருப்பிக்கொள்ளலாம்.
சில்லறையை என்ன செய்வது?

ரொட்டியில் ஒட்டி வந்த அடுப்புக் கூழாங்கல் ஒன்று
புதுச் சிமெண்டில் விழுந்து உருண்டது.
சத்தம் எட்டு மூலைக்கும் போய் வந்தது.
அக்தர் ஹானும் குனிந்து எடுத்தார்.
சூடு போலிருக்கிறது, கை மாற்றினார்.
மொஹ்தஷமியிடம் நீட்டவில்லை.
நீல ஓட்டின் விளிம்பில் வைத்துவிட்டு
கண்ணாடியில் எங்கோ ஒரு மூலையிடம்
"தரை கீறிவிடும்" என்றார்.
"கீறும்" என்றார் மொஹ்தஷமி
இன்னொரு மூலையிடம்.

இன்று அந்த விளிம்பில் பதினான்கு கல்.
ஹெங்கமேயின் வரைபடத்தில் இல்லாதவை.
துடைக்கிறவரிடம் எடுக்க வேண்டாம் என்றிருக்கிறேன்.

காஸ்பியன் அப்படியே இருக்கிறது,
கேட்டால் கொஞ்சம் கரை தாண்டியிருக்கிறது.
பல் மருத்துவர் இரண்டாம் தவணை கட்டவில்லை.
என்னைக் கண்டால் இப்போது அவரும்
படிக்கட்டில்தான் ஏறுகிறார்.
ஏறட்டும்.
வாசல் ஒன்றுதானே.