பொத்தான்

வானொலி சொல்கிறது: ஹெச் மூன்று.
லெய்வியா என் பழைய சட்டையின் பொத்தானை எடுத்து
வரைபடத்தில் ஹெச் மூன்றின்மேல் வைக்கிறாள்.
அந்தக் கட்டத்தில் கடலைத் தவிர ஒன்றும் இல்லை.
நீல அச்சு,
அதன்மேல் போன பருவத்து மெழுகுக் கறை,
அதன்மேல் நாலு துளைப் பொத்தான்.

அதற்கு இன்னும் பெயர் இல்லை.
தாழ்வழுத்தம் என்கிறார்கள்,
வீட்டில் நோயாளி இருப்பதுபோல் குரலை இறக்கி.
வடக்கே போகலாம். தெற்கே திரும்பலாம்.
நின்ற இடத்திலேயே கரைந்தும் போகலாம்.
பிஸ்லாமாவில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை,
பிரெஞ்சில் ஒருமுறை வாசிக்கிறார்கள் போர்ட் விலாவிலிருந்து.
மூன்று மொழியிலும் யாருக்கும் தெரியவில்லை.

லாம், லாம் என்று முடியும் வாக்கியங்களை நம்பி
நாங்கள் தகரக் கூரைக்குக் கயிறு கட்டினோம்.

அடுத்த அறிக்கைக்கு ஆறு மணி நேரம்.
இடையில் அது எங்கே என்று
பொத்தானுக்கும் தெரியாது.
கல்தொங்கா கரையில் நின்று அலை எண்ணுகிறான்.
ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே
நேரம் நீண்டிருக்கிறதாம்.
உன் கைக்கடிகாரம்தான் ஓடாதே என்றேன்.
அதனால்தானே எண்ணுகிறேன் என்றான்.

இரண்டாம் நாள் பெயர் வைத்தார்கள்.
என் மைத்துனியின் பெயர்.
தேவாலய வாசலில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்க,
"நீ எங்குதான் நேரத்துக்கு வந்தாய்" என்றார் போதகர்.
அவளும் சேர்ந்து சிரித்தாள்.

காலையில் எஃப் ஐந்து.
மாலையில் எஃப் ஆறு.
எங்கள் தீவு இ ஏழில், ஓரத்தில், ஒரு மிளகளவு.

அதன்பின் அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.
சாப்பிடக் கூப்பிடும்போதும்
ஏய், இங்கே வா, அவ்வளவுதான்.

மரவள்ளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம்,
காற்று பிடித்து இழுக்கத் தலைமுடி இருக்கக் கூடாதென்று.
வாழைத்தார்களைக் காயாகவே இறக்கினோம், அறுபத்து மூன்று.
படகை மேட்டுக்கு இழுத்து மணல் நிரப்பினோம்.
பன்றிகளை அவிழ்த்துவிட்டோம்.
அவை போகவில்லை.
அவிழ்த்த கயிற்றின் பக்கத்திலேயே நின்று
எங்களைப் பார்த்தன.

இரவு பள்ளிக்கூடத்தில், மேசைகளுக்கு அடியில் குழந்தைகள்.
மூன்று மணி அறிக்கை வந்தபோது
பாட்டரிக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.
எழுத்தை இரைச்சல் தின்றுவிட்டது.
ஏழு என்பது மட்டும் கேட்டது.

ஏழு.
எங்கள் வரிசை.
எங்களைப்போல் பலர் வரிசையாய்க் கிடக்கும் வரிசை.
லெய்வியா பொத்தானை ஏழின்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள்,
இடமும் வலமும் நகர்த்தி,
எந்தக் கட்டத்திலும் இறக்காமல்.
கை வலித்திருக்கும். நான் வாங்கிக்கொள்ளவில்லை.
இறக்கும் கை என்னுடையதாய் இருக்க வேண்டாமென்று
நினைத்தேன், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விடிந்தபோது தென்னை ஒன்று சாய்ந்திருந்தது.
மழை ஒரு பக்கச் சுவரை மட்டும் நனைத்திருந்தது.
வேறெதுவும் இல்லை.
யாரோ கைதட்டினார்கள்; உடனே நிறுத்தினார்கள்.

மதியம் புதுப் பாட்டரியில் எழுத்தும் சேர்ந்து கேட்டது.
ஜி ஏழு.
ஜி ஏழில் கடல் மட்டும் இல்லை.

படகிலிருந்து மணலை அள்ளிக் கொட்டி
நாற்பது தார் ஏற்றினோம்.
மைத்துனியும் ஏறினாள், தையல் பெட்டியும் தார்ப்பாயுமாக.
அங்கே பெயர் கேட்டால் என்ன சொல்வாய்
என்று கல்தொங்கா கேட்டான்.
அவள் தார்ப்பாயை மடித்தாள்.
மடித்ததைப் பிரித்து
மறுபடி மடித்தாள்.

மீந்த காயை அவித்துத் தின்றோம், பதினொரு நாள்.
வராத புயலுக்கு
துவர்ப்பு அதிகம். நாக்கில் ஒட்டும்.
எவ்வளவு போட்டாலும்
உப்பு ஏறவில்லை.