பதினேழாம் எண்: அறிக்கையில் சேராதவை

தெருவில் நின்று பார்த்தால் ஒரே அரண்மனை.
பதினொரு கதவுகள் இருப்பதுதான் இடிக்கிறது.

முகப்புக்கு மட்டும் பாத் நகரத்துத் தேன்நிறக் கல்,
அதுவும் நாலங்குலம்.
கட்டியவன் முகப்பு முடிந்த கையோடு திவாலானான்;
முதுகை அவரவர் காசில் கட்டிக்கொண்டார்கள்.
பிரிஸ்டலில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று
இருநூறு வருஷம் கழித்தும்
பின்சந்தில் நின்றால் தெரிகிறது.

படியேறினேன்.
விருந்தாளி ஏறும்வரை மஹோகனிக் கைப்பிடி.
அதற்குமேல், வேலைக்காரிகள் படுக்கப்போன வழியில், பைன்.
கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும்
மரியாதை எந்தப் படியில் முடிகிறதென்று
உள்ளங்கை சொல்லிவிடும்.

இரண்டாம் மாடி, இடது ஓரம்: ஜன்னல் இல்லை.
ஜன்னலின் படம் இருக்கிறது.
கறுப்பில் கண்ணாடி, வெள்ளையில் சட்டம்,
பாதி இறக்கிய திரைகூட வரைந்திருக்கிறார்கள்,
வலது ஓரத்தில் ஒன்று இருக்கிறதே என்பதற்காக.
உள்ளே அந்த இடத்தில் திருமதி பென்ஹாலிகனின் துணி அலமாரி.
எதிர்வீட்டுப் பையன் தினமும்
அந்தத் திரையைப் பார்த்துக் கையசைக்கிறானாம்.
"ஒருநாள் அலமாரிக்குள் நின்று
நானும் அசைத்தேன்" என்றாள்.

என்னைக் கூப்பிட்டது ஈரத்துக்காக.
பக்கத்து பதினெட்டாம் எண் லாத்பரியோடு
ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை;
கூரை வாய்க்கால் யாருடையது என்பதில் ஆரம்பித்தது.
தரைப்பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்தேன்.
உத்தரக்கட்டையின் நுனி
ஊறிய ரொட்டி.

லாத்பரி பத்து நிமிஷம் தந்தார்.
அவர் பலகையையும் பெயர்த்தேன்.
நடுச்சுவரில் ஒரே குழி.
இந்த வீட்டுக் கட்டையும் அந்த வீட்டுக் கட்டையும்
தலையோடு தலை,
நடுவே ஒரு பென்னி நுழையும் இடைவெளி.
முதலில் நனைந்தது எது?
மரம் வாய் திறக்கவில்லை.

கருவிகளை எடுத்து வைக்கையில்
கணப்புக்குழியைப் பார்த்தபடி லாத்பரி சொன்னார்:
"செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் இருமல்
கொஞ்சம் தேவலை."
பிறகு, அவசரமாக,
"இதை எழுதிவிடாதீர்கள்."

எழுதவில்லை.
பொதுச்சுவர், செலவு பாதிப் பாதி,
கட்டைகளுக்கு இரும்புத் தாங்கி, என்று முடித்தேன்.
இரண்டு வக்கீல்களுக்கு இரண்டு நகல்.

வெளியே தூறல்.
கல் கறுத்துக்கொண்டு வந்தது,
பதினொரு வீட்டுக்கும் சேர்த்து.