வெள்ளி மாலை தந்துவிடுகிறேன்

சலவைச் சீட்டின் பின்புறம்தான்
எங்கள் கியோட்டோ.
காலரில் குத்துகிற மஞ்சள் சீட்டு,
எண் அச்சிட்டது, நனைந்தாலும் கிழியாதது.
நாளுக்கொன்றாய் மூன்று எடுத்தேன்.
தொஷிஹாரு நாலாவதை உருவி
'சாப்பாடு' என்று தலைப்புப் போட்டார்.

பதினோரு வருஷம்
நகவோகாவின் பனிச்சேற்றை
அடுத்தவர் கோட்டிலிருந்து எடுத்தவர்கள் நாங்கள்.
இந்த நவம்பரில் கொதிகலன் வெடித்துக் கசிந்தது.
மாற்ற மூன்று நாளாகும் என்றான் வந்தவன்.
புதன், வியாழன், வெள்ளி.
கொதிகலன் செத்ததற்கு
உள்ளுக்குள் சிரித்தவள்
இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

முதல் நாள்,
டோக்கியோவில் ரயில் மாறி இறங்கியதும்
ஆயிரத்தொரு கன்னோன் நிற்கும் நீண்ட மண்டபம்.
படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்
முகங்களைப் பார்க்கவே இல்லை.
"மரத்தில் இப்படி மடிப்பு விழுமா?
எவன் கையோ. நடுங்கவே இல்லை பார்."

கோயில் கதவு நாலரைக்கோ ஐந்துக்கோ சாத்திவிடும்.
நல்ல சோபாக் கடை
மாவு தீர்ந்த நிமிஷம் திரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
நடுவில் ஒரு பேருந்து,
அதில் பாதி ஜப்பான்.
புத்தரா பசியா என்று
இரண்டு ராத்திரி சண்டை.

நன்சென்-ஜி பக்கம் சட்டியில் கொதிக்கும் டோஃபு.
"வெந்நீர். அதில் டோஃபு. அதற்கு நாலாயிரம் யென்.
ஒரு குளிர்கோட்டுக்கு நாம் என்ன வாங்குகிறோம்?"
நான் பேசவில்லை.
பென்சிலில் இருந்ததை
மைப்பேனாவால் மேலெழுதினேன்.

உண்மையில் அந்த ஊர் எனக்குப் புதிதில்லை.
போய் வந்தவர்களின் உடுப்பில் படித்திருக்கிறேன்.
கம்பளியை உதறினால் ஊதுபத்திப் புகை.
வலது கைமுனையில் விலாங்குச் சாறு.
மடியில் பச்சைத்தூள், அது தேநீர்,
அவசரப்பட்டுத் தேய்த்தால் பரவும்.
முழங்காலில் மட்டும் தேய்ந்த கால்சட்டை ஒருமுறை வந்தது.
எங்கே மண்டியிட்டார், எதற்காக, கேட்கவில்லை,
அது எங்கள் வேலையில்லை.
ஓகுமா வீட்டு அம்மாளின் கோட்டுப் பையில்
ஒரு மேப்பிள் இலை, நொறுங்காமல்.
உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.
அவர் உறையைத் திறந்து பார்த்துவிட்டு
ரொம்ப நேரம் சில்லறை தேடினார்.

வெள்ளைச் சட்டை எடுக்க வேண்டாம் என்றேன்.
சோயாவோடு நாம் படுகிற பாடு போதாதா.
பெட்டியில் எல்லாமே கறுப்பு, கருநீலம்.
"யாராவது செத்தால் அப்படியே போய்விடலாம்" என்றார்.

மூன்றாம் சீட்டு நாரா.
காலை எட்டு மணி, மான்கள்.
வரைபடத்தைத் தின்றுவிடுமாம், இரண்டு பிரதி வேண்டும்.
பெரிய புத்தர்.
பிறகு, அவருக்காக,
சீமைப்பனிச்சை இலையில் பொதிந்த கானாங்கெளுத்திச் சுஷி.

செவ்வாய் ராத்திரி ஏழேகால்.
கதவில் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
மூச்சிரைக்க வந்தான் இவாஃபுனே, வங்கிக்காரன்.
கையில் கோட்டு சூட்டு, மார்பு முழுக்கக் குழம்பு.
சனிக்கிழமை தங்கைக்குக் கல்யாணமாம்.
என் விரலுக்கடியில் இன்னும் காயாத பசை.
'மூன்று நாள்' என்ற எழுத்து அவன் கண்ணுக்கு நேரே.

"வெள்ளி மாலை தந்துவிடுகிறேன்."

யார் சொன்னது? என் வாய்தான்.
கை அதற்கும் முன்னால் போய்
மேஜையில் கிடந்த சீட்டொன்றை எடுத்து
எண்ணைப் பார்த்து, பேரேட்டில் எழுதி,
காலரில் குத்திவிட்டிருந்தது.
அவன் குனிந்து குனிந்து நன்றி சொல்லிப் போனான்.

தொஷிஹாரு சூட்டை விளக்குக்குத் தூக்கினார்.
கறையை முகர்ந்தார். "கறி. எண்ணெய் அதிகம்."
பிறகு சீட்டைத் திருப்பினார்.
காலை எட்டு மணி, மான்கள்.

கொஞ்ச நேரம் இருவரும்
அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் தன் நாலாவது சீட்டை எடுத்தார்.
அடிப்பார் என்று நினைத்தேன்.
கடைசி வரிக்குப் பக்கத்தில்
நிதானமாய்ச் சேர்த்தார்:
'இந்தச் சுஷி கியோட்டோ ஸ்டேஷனிலும் கிடைக்கும்.
ரயிலில் சாப்பிடலாம்.'