கோலில் ஏழு கோடு

பியாப்பொன் படகுத்துறைக்குப் பின்னால்
எங்கள் சந்துக்கு ஒரே ஒரு அடிபம்பு.
புயலுக்கு அடுத்த வருஷம் யாரோ போட்டுக்கொடுத்தது.
தண்ணீர் கண்ணாடி. வாடை இல்லை. குளிர்ச்சி வேறு.
இதைவிட நல்ல தண்ணி ரங்கூனிலும் கிடையாது
என்பார் என் வீட்டுக்காரர் சிங்காரவேலு,
செம்போடு அண்ணாந்து குடித்துவிட்டு.

சுகாதார ஆபீஸிலிருந்து மா தீரி வந்தாள்.
போத்தலில் பொடி போட்டுக் குலுக்கி
மூடிக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினாள்.
இருபது நிமிஷம் என்றாள்.
அதற்குள் பாப்பா ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டாள்.

தாள் மஞ்சளாகி இருந்தது.

மஞ்சள் என்றால் எனக்குத் தாலிக்கயிறு,
பத்திரிகையின் நாலு முனை,
தீட்டுக் கழித்த அன்று தலைக்கு ஊற்றிய தண்ணீர்.
நல்லதுதானே என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
அட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்,
மஞ்சள் முற்ற முற்ற ஆகாதாம்.

ஆர்செனிக். மண்ணுக்குள்ளிருந்தே ஊறுகிறதாம்.
யாரும் கலக்கவில்லை, யாரையும் திட்ட முடியாது.
பாஷாணம் என்று நான் தமிழில் சொன்ன பிறகுதான்
சிங்காரவேலு செம்பைக் கீழே வைத்தார்.

காய்ச்சலோடு என் பால் வற்றிப்போனது.
நாற்பது நாளாய்ப் புட்டிப்பால்.
நாற்பது நாளும் கொதிக்க வைத்தேன்,
அதிகம் கொதித்தால் அதிகம் சாகும் என்று.
சாவதற்கு அது என்ன உயிரா?
ஆவியாய்ப் போனதெல்லாம் தண்ணீர்.
மிச்சம் சட்டியிலேயே உட்கார்ந்து
கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது.
விறகு வாங்கி நான் காய்ச்சியது அதைத்தான்.

உடைத்த படகிலிருந்து ஆணி பிடுங்கி வந்தார் அவர்,
நாலு வீசை இருக்கும்.
வாளியில் மணல், மேலே ஆணி, அதற்கும் மேலே செங்கல் துண்டு.
ஆணியில் துரு பிடிக்கும், துருவில் விஷம் பிடிக்கும்,
இது மா தீரி சொன்ன கணக்கு.
மூன்று வாரம் கழித்து இன்னொரு தாள்.
துவைத்துத் துவைத்து மங்கின வேட்டி நிறம்.
எங்களுக்கு அது போதும்.
அவளுக்குப் போதாது.

அவளுக்கு மழை.
கடைசி மழைகள் இரண்டு ஜாடி நிரப்பின.
மேலே வெள்ளைத் துணி, துணிமேல் தட்டு, தட்டின்மேல் கல்.
மூங்கில் கோலில் கத்தியால் கீறினேன்,
வாரத்துக்கு ஒரு கோடு.
பாலுக்கு இவ்வளவு, கஞ்சிக்கு இவ்வளவு,
புட்டி கழுவ இவ்வளவு.
கோலை விடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
என் மூச்சு பட்டுத் தண்ணீர் குறைந்துவிடும் என்பதுபோல.

சித்திரை. திஞ்ஞான்.
ஊரே ஊற்றிக்கொண்டு அலைகிறது.
லாரியில் பீப்பாய், தெருமுனையில் குழாய், பாட்டு, கூச்சல்.
ஒரு ஜாடி காலி. இன்னொன்றில் ஏழு கோடு.

எதிர்வீட்டு நந்தா, எட்டு வயசு,
வெள்ளிக் கிண்ணமும் கையுமாய் வந்தவன்
கல்லை நகர்த்தி, தட்டை நகர்த்தி, துணியைத் தூக்கிவிட்டான்.
நான் பிடித்த பிடியில் மணிக்கட்டு சிவந்தது.
விழா நாளில் தண்ணீரை மறுத்தவள் இவள் ஒருத்திதான்
என்று அந்தப் பையன் முகம் சொன்னது.

பம்படிக்கு இழுத்துப்போனேன்.
நானே அடித்தேன்.
கிண்ணம் நிறைய நிறைய என் தலையில் ஊற்றினான்.
தோலுக்கு ஒன்றும் செய்யாது, கேட்டு வைத்திருந்தேன்.
நானும் ஊற்றினேன். நனைந்த கோழிபோல நின்று சிரித்தான்.
அந்த நஞ்சில்தான் எங்கள் புத்தாண்டு குளித்தது.

இடுப்பில் பாப்பா.
வீட்டில் அவள் மல்லிகேசுவரி, பதிவேட்டில் சூ மியா.
நெற்றியிலிருந்து வழிந்த ஒரு சொட்டுக்கு
இரண்டு பேரும் நாக்கை நீட்டினார்கள்.
உதட்டைத் துடைத்தேன்.
சிணுங்கினாள்.

வைகாசியில் மழை இறங்கும்.
முதல் மழையைப் பிடிக்கக்கூடாது.
அது தகரக் கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும்.
ஜாடி வாய் காய்ந்து கிடக்க,
கண்ணெதிரே ஒரு மழை முழுசாய்
சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு
கோலும் கையுமாய் நிற்க வேண்டும் நான்.