பைப்பின் வாய்

சொஹாரில் ஜூன் மாதம் விதை போடுகிறவன்
ஒன்று புதிதாக வந்தவன்
இல்லையென்றால் லீவு கிடைக்காதவன்.
நான் இரண்டாவது.
ஷட்டவுன் முடியும்வரை யாருக்கும் டிக்கெட் இல்லை என்றார்கள்.
அன்று ராத்திரியே
புடலை விதையை ஊறப்போட்டேன்.

கொல்லை என்று நான்தான் சொல்கிறேன்.
எட்டடிக்குப் பத்தடி.
ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி
ஒரு பக்கம் மூன்று ஏசிகளின் முதுகு.
நடுவில் பச்சை வலை கட்டி
கத்தரி இரண்டு, வெண்டை ஐந்து.
யாரோ விட்டுப்போன இரும்புக் கட்டிலைச் சாய்த்து
அதில் புடலையை ஏற்றினேன்.

பகலில் குழாயைத் திறந்தால்
டீ போடுகிற சூட்டில் வரும் தண்ணீர்.
ஏசி சொட்டுவதைப் பெயிண்ட் வாளியில் பிடித்து ஊற்றுகிறேன்.
நான் போர்வைக்குள் கிடக்க
அறையில் இருந்த ஈரமெல்லாம் சொட்டுச் சொட்டாய்
வெண்டையின் காலுக்குப் போகிறது.
ஒரு ராத்திரிக்கு ஒன்றரை வாளி.
கடல்காற்று புழுங்கும் நாளில் இரண்டு.

வாளி வைத்த மூன்றாம் நாள்
அங்கே ஆள்நடமாட்டம்.
எறும்பு முதலில்.
எறும்பைப் பார்த்துப் பல்லி,
உள்ளே இருக்கிற இரண்டு முட்டை
வெளியே தெரிகிற மெல்லிய வயிற்றோடு.
அலகை மூடவே முடியாமல்
மூச்சு வாங்கியபடி இரண்டு குருவிகள்.
கடைசியில்
நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் வயிறு உள்ள ஒரு குளவி.
அது குடிக்க வரவில்லை.
வாளியடி ஈரமண்ணைப் பட்டாணியளவு உருட்டி
எங்கோ எடுத்துப் போயிற்று.

புடலைப் பூ இருட்டியபின்தான் விரியும்,
ஓரம் நைந்து நூல் பிரிந்த கைக்குட்டை மாதிரி.
அந்துப்பூச்சி வருமென்று
விளக்கணைத்து உட்கார்ந்திருந்தேன்.
வந்தது ஒன்றே ஒன்று.
அதுவும் என் வெள்ளைப் பனியனில் உட்கார்ந்து
வெகுநேரம் எதையோ தேடிவிட்டுப் போனது.
பிறகு நானே
காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு
ஆண்பூ வீட்டுக்கும் பெண்பூ வீட்டுக்கும் நடந்தேன்.
தரகுக்கு ஒரு காய் கேட்டேன்.

நாலு நாள் நைட் ஷிஃப்ட்.
ஐந்தாம் நாள் காலையில்
தொட்டி நிழலில் தொங்கிய ரப்பர் பைப்பின் வாய்
வழித்து மெழுகி அடைத்திருந்தது.
என் மண்
என் தண்ணீர்
என் பைப்.
வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத ஆள்.

பக்கத்து வில்லாவில் தோட்டவேலை பார்க்கும் மொஃபிசுல்
வியாழக்கிழமை கார் கழுவ பைப் கேட்டு வருவார்.
வாயைப் பார்த்தார்.
ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்பதைச் சொல்ல
என் இந்தி போதவில்லை.
வெண்டை இலையைச் சுருட்டி உள்ளே படுத்திருந்த
பச்சைப் புழுக்களை இரண்டு நாளாகக் காணோம்,
அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்,
இதையெல்லாம் எந்த வினைச்சொல்லில் ஆரம்பிப்பது?
அவர் குனிந்து விரலால் அந்த மண்ணைத் தடவினார்.
கும்ரே பொகா, என்றார்.
காற்றில் ஒரு சக்கரத்தைச் சுற்றி
இரண்டு கையாலும் பானை எழுப்பிக் காட்டினார்.
குயவப் பூச்சி!
ஸ்க்ரூ டிரைவர் சட்டைப்பைக்குத் திரும்பியது.
அந்த வாரம் முதலாளியின் கார்
வாளித் தண்ணீரில் குளித்தது.

முதல் புடலை ஒரு சாண் வந்ததும்
பாம்பாய்ச் சுருளப் பார்த்தது.
கல் கட்டவேண்டும்.
கையில் கல் இல்லை.
பிளான்ட்டிலிருந்து பாக்கெட்டோடு வந்துவிட்ட
ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்.
இப்போது நேராக இறங்குகிறது.
நட்டு கணக்கில் குறைந்ததை
யாரும் கேட்கவில்லை இதுவரை.

நான் டியூட்டியில் இருந்த ஏதோ ஒரு மணியில்
மண்மூடியில் ஓட்டை விழுந்திருக்கிறது.
பென்சில் முனை நுழையும் அளவு.
வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தேன்.
பைப் இரண்டு முறை இருமியது.
செந்தூள், சருகான புழுத்தோல்,
பிறகு சுடுதண்ணீர்.
மொஃபிசுலுக்குக் குரல் கொடுத்தேன்.

அவர் வருவதற்குள்
வெயிலில் காயவைத்த என் சேஃப்டி ஷூ பக்கம்
அதே மெல்லிய இடுப்பு.
கயிறு கோக்கும் துளைகளை
ஒவ்வொன்றாய்த் தலைவிட்டுப் பார்க்கிறது.
நாலாவது பிடித்திருக்கிறது போல.
நாளைக்கு எனக்கு ஆறு மணி ஷிஃப்ட்.