ஏழாவது முள்

காவேரிப்பட்டணம் தாண்டி, கூழ் ஆலை வாசலில்
கிளிமூக்கு ஏற்றிய வண்டிகள் நாற்பது.
நின்ற இடத்திலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கியிருந்தன.
இரவு இரண்டே கால்.
ஓசூரிலிருந்து வந்த ஜீப்பில்
எனக்குப் பின்னால் இன்னும் யாரோ இறங்கவேண்டும் என்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தார் வாட்ச்மேன்.

பேனலைத் திறந்தால்
பச்சைப் பலகைகள், வரிசையாய், ஒரே தண்டவாளத்தில்.
தண்டவாளம் என்றுதான் பெயர்.
அதில் ஓடுவது எதுவுமில்லை.

மானேஜர் ஜபருல்லா
புது கார்டு மூன்று வாங்கி வைத்திருந்தார்.
"எதை மாத்தணும் சொல்லும்மா, காசு பாக்காத."
பம்பை ஒரு நிமிடம் ஓடவிடச் சொல்லி
பேனலின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.
மூளை அவ்வளவு சுலபத்தில் கெடாது.
கை கோக்கும் இடம்தான் விடும்.

பன்னிரண்டு முள் கனெக்டர்.
தலைகீழாய்ச் செருக முடியாது,
ஓரத்தில் ஒரு காடி வைத்து மறித்திருப்பார்கள்.
தப்பாய் வருகிறவனை நிறுத்தத் தெரியும் அதற்கு,
பாதியில் நிற்கிறவனைக் காட்டிக்கொடுக்கத் தெரியாது.
ஏழாவது முள்
மயிரிழை பின்வாங்கி
தொட்டும் தொடாமலும்
மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறது.

வயரில் சுற்றிய வெள்ளைச் சீட்டைத் திருப்பினேன்.
லாட். பிப்ரவரி. ஆப்பரேட்டர் 31.

மார்ச்சில்தான் என்னை சர்வீசுக்கு மாற்றினார்கள்.
அதுவரை முப்பத்தொன்று நான்.

ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு முள்.
ஒவ்வொன்றையும் கூட்டுக்குள் தள்ளி
'டிக்' கேட்ட பிறகுதான் அடுத்தது.
கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான்.
பக்கத்து பெஞ்சில் வெங்கடலட்சுமி,
எனக்குச் சரியாய் அதே வேகம்.
அவளுடைய டிக் ஒன்றை
என்னுடையதென்று எண்ணிக்கொண்டு
அடுத்த வயரை எடுத்திருப்பேன்.

தள்ளினேன்.
ஆலை மொத்தமும் நின்றிருந்ததால்
இந்த முறை சந்தேகமில்லை.
டிக்.

மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தேன்,
அவையும் என்னுடையவைதானே.

"அவ்வளவுதானா?" என்றார் ஜபருல்லா,
மூன்று கார்டையும் பார்த்தபடி.
ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'அதிர்வு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
பேனா கட்டத்துக்குள்ளேயே நின்றது கொஞ்ச நேரம்.
பக்கத்தில் சின்னதாய் எழுதினேன்: 31.
யாரும் கேட்கப்போவதில்லை.

வெளியே முதல் வண்டி
பின்பக்கமாய் மேடையை நெருங்கிக்கொண்டிருந்தது.
இன்னும் வா, இன்னும் கொஞ்சம் வா என்று
பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார்
வாட்ச்மேன்.