ஒண்ணேகால் அங்குலம்

கல்லை எடுக்க முடியாது.
அளவுக்கல்.
இந்தப் பக்கம் சென்னியப்பன் கொறங்காடு,
அந்தப் பக்கம் அவர் தம்பி சிவமலை கொறங்காடு,
ரெண்டு கிளுவை வேலிக்கும் நடுவே இட்டேரி,
இட்டேரிக்கு நடுவே அது.
எப்படி நடுவுக்கு வந்தது என்பதுதான்
பதினோரு வருசமாகத்
தாராபுரம் கோர்ட்டில் ஓடுகிற கேஸ்.

நான் சினை ஊசி போடுகிறவள்.
டாக்டரம்மா என்பார்கள், திருத்துவதில்லை.
பழைய ஆல்ட்டோ.
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்
நைட்ரஜன் கேன்,
அதற்குள் குளிரில் உறைந்து
காங்கயம் காளைகள் இருபத்திரண்டு.
காலையில் மாடு கத்தினால்
சாயங்காலத்துக்குள் போயாகணும்.
மாட்டுக்கு வாய்தா தெரியாது.

ரெண்டு தடவை சம்ப் உடைந்தது.
ரெண்டாம் தடவை
சுக்காங்கல் மண்ணில் எஞ்சின் ஆயில்
கறுப்பாக இறங்கி
யார் பக்கம் போவதென்று தெரியாமல்
கல்லைச் சுற்றி நின்றது.

வெள்ளகோவில் மயிலானந்தன்
காருக்கு அடியிலிருந்தே பேசினான்.
"பெரிய வண்டியா வாங்கிருங்க."
சம்பளம் நீ குடு, வாங்கறேன்.
"அப்பத் தூக்கோணுங்."
ஸ்பிரிங்குக்கு ஒன்றாக நாலு ஸ்பேசர்,
தேங்காய்த் தொட்டி அகலத்தில் கறுப்பு வளையங்கள்.
கையில் வைத்துப் பார்த்தேன்.
ரெண்டு அங்குலமாகப் போடக்கூடாதா?
"போடலாங். ஆக்சில் கோணிக்கும்,
டயரு ஒருபக்கமாத் தேயும்,
வளைவுல வண்டி வேற யோசனை பண்ணும்.
ஒண்ணேகால் போதுங்.
ஒரு கல்லுக்கு
அதுக்கு மேல மரியாதை வேண்டாம்."

இருட்டும்போது எழுந்து நின்றது வண்டி,
வேட்டியைத் தூக்கிப் பிடித்து
வாய்க்கால் தாண்டப் போகிற ஆள் மாதிரி.
சக்கரத்துக்கு மேலே புதிதாக ஒரு சந்து.
பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
நான் குள்ளம்:
இறங்கும்போது தரை
ஒரு நொடி தாமதமாக வந்தது.
ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுப்
பனைகளின் கழுத்தைத் தேடிக்கொண்டு போக,
எதிரே வந்த தேங்காய் லாரிக்காரன்
நிறுத்தியே திட்டினான்.
மறுநாள் ஸ்குரூவைத் திருகி வெளிச்சத்தை இறக்கினேன்.
ஊதியூர் வளைவில் வண்டி சாய
இருபத்திரண்டு காளைகளும்
ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன.

ஆனால் கல்லின் மேலே
சத்தமில்லாமல் போனேன்.
முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு.
பத்தாம் தடவை
அங்கே கல் இருப்பதே நினைவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள்,
விடிந்ததிலிருந்து மழை.
உள்ளே ஒரு கிடாரிக்கு ஊசி போட்டுத் திரும்புகிறேன்.
இட்டேரியில் சென்னியப்பன் குடையோடு நடக்கிறார்,
இருபதடி பின்னால் சிவமலை குடையில்லாமல்.
ரெண்டு பேர் கையிலும் மஞ்சள் பை.
வாய்தா பதினோரு மணிக்கு,
மழைக்கு பஸ்ஸும் வரவில்லையாம்.
ஒருத்தரை ஏற்றினால் இன்னொருத்தருக்குப் பொறுக்காது.
கேனை முன்சீட்டுக்கு மாற்றிக் கட்டினேன்.
அண்ணன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம்,
நடுவே பைகள்.
தலைக்குத் தொண்ணூறு கிலோ இருப்பார்கள்.
வைப்பர் மட்டும்
அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்தது.

கல் வந்தது.
முன்சக்கரம் கடந்தது, சம்ப் தப்பியது.
பின்பாரம் இறங்கியிருந்த இடத்தில்
சைலன்சர்
ஒரு முழ நீளத்துக்குக்
கர்ரென்று உரசியது.

கண்ணாடியில் பார்த்தேன்.
ரெண்டு பேரும்
ஒரே சமயத்தில்
காலைத் தூக்கியிருந்தார்கள்,
வண்டிக்கு அதனால் பாரம் குறையும் என்பது போல.

தார் ரோடு வரைக்கும்
ரெண்டு பேருமே இறக்கவில்லை.